மேம்படுத்தலுக்குப் பின் வீட்டு கேட்வே: ஃபயர்வால் விதிகளில் கைவைப்பதற்கு முன்

கேட்கப்பட்டதன் சுருக்கம் இது. இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் கொண்ட ஒரு சிறு கணினி, வீட்டின் கேட்வேயாக, அதாவது வீட்டு நெட்வொர்க்கையும் இணையத்தையும் இணைக்கும் வாயிலாக, டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு போர்ட்டில் ஃபைபர் மோடம் பிரிட்ஜ் முறையில் இணைந்திருக்கிறது. இணைய நிறுவனத்தோடு உள்நுழைந்து இணையும் பிபிபிஓஇ இணைப்பைக் கணினியே ஏற்படுத்துகிறது. மற்றொரு போர்ட்டில் வீட்டு ஸ்விட்சும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டும் இருக்கின்றன. டெபியன் 13-க்கு மேம்படுத்தி ரீபூட் செய்தபின், கேட்வேயிலிருந்து வெளியே பிங் போகிறது. ஆனால் வீட்டிலுள்ள கைபேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் இணையம் இல்லை. சில கட்டளைகளைக் கொடுத்துப் பார்த்ததில் ஒருமுறை சரியானது, ரீபூட் செய்ததும் மீண்டும் போய்விட்டது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வீட்டுச் சர்வருக்குத் திருப்பிவிட வைத்திருந்த போர்ட் ஃபார்வர்டும் வேலை செய்யவில்லை. விதிகள் அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழிக்க வேண்டாம். ஃபயர்வால் விதிகளை எழுதும் பழைய கருவியான ஐபிடேபிள்ஸின் 'ஐபிடேபிள்ஸ் -எஃப்' என்ற கட்டளை விதிகளை மட்டுமே அழிக்கும். செயினின், அதாவது விதி வரிசையின், இயல்புக் கொள்கை டிராப் (கைவிடு) என்று இருந்தால் அது அப்படியே நிற்கும். நீங்கள் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக உள்ளே இருந்தால் அந்த நொடியே இணைப்பை இழப்பீர்கள். மாறாக, புதிய கருவியான என்எஃப்டேபிள்ஸின் 'என்எஃப்டி ஃப்ளஷ் ரூல்செட்' கட்டளையைக் கொடுத்தால், செயின்களைத் தொகுக்கும் டேபிள்களும் செயின்களும் அவற்றின் கொள்கையோடு சேர்ந்தே போய்விடும். கேட்வேயில் ஓடும் எஸ்எஸ்எச், டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை), நிர்வாகப் பக்கம் எல்லாம் பொது இணையத்துக்குத் திறந்து கிடக்கும். பொது முகவரிகளை ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் அதைக் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது. இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. நேற்றுவரை சரியாக வேலை செய்த விதிகள் ஒரு மேம்படுத்தலால் தவறாகிவிடுவது அரிது. மாறியிருப்பவை பெரும்பாலும் விதிகளுக்கு வெளியே இருக்கின்றன: பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ஒரு போர்ட்டிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தலாம் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் அமைப்பு, இன்டர்ஃபேஸ்கள் எனப்படும் நெட்வொர்க் இணைப்புகளின் பெயர், பூட் ஆகும்போது விதிக் கோப்பை ஏற்றும் சர்வீஸ். விதிகளைப் புதிதாக எழுதினால் இவற்றில் ஒன்றும் சரியாகாது. என்ன நடந்தது என்பதற்கான தடயங்கள்தான் அழியும்.

உங்கள் அறிகுறியிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது. கேட்வே தானே உருவாக்கும் பாக்கெட் அவுட்புட் செயின் வழியாக வெளியேறுகிறது. வீட்டுக் கருவி அனுப்பும் பாக்கெட் ஃபார்வர்ட் செயின் வழியாகக் கடக்கிறது. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் நிற்கிறது என்றால், பிபிபிஓஇ இணைப்பும் இயல்பு ரூட்டும் (வெளியே போகும் பாதையும்) சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன. அதற்கு முன், பிங் சோதனையை வீட்டுக் கருவியிலிருந்து 1.1.1.1 போன்ற எண் முகவரிக்கே செய்திருக்கிறீர்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைக் கொடுத்துச் சோதித்தால், டிஎன்எஸ் மட்டும் நின்றிருந்தாலும் இணையமே இல்லாததுபோலத் தோன்றும்.

எண் முகவரிக்கும் போகவில்லை என்றால், கேட்வேயில் முதலில் பார்க்க வேண்டியது 'நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட்' என்ற மதிப்பு. 'சிஸ்சிடிஎல்' கட்டளையோடு இந்தப் பெயரைக் கொடுத்தால் 0 அல்லது 1 என்று வரும். 0 என்று வரும் என்பதே என் எதிர்பார்ப்பு. டெபியன் 13-இல், பூட் ஆகும்போது இந்த அமைப்புகளை ஏற்றும் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் சர்வீஸ், கட்டமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் உள்ள சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பைப் படிப்பதில்லை. இது பிழையன்று, வெளியீட்டுக் குறிப்புகளில் அறிவிக்கப்பட்ட மாற்றம். ஆனால் வீட்டு கேட்வே அமைப்பதற்காக எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகளில் மிகப் பல, ஐபி ஃபார்வர்டிங் வரியை அந்தக் கோப்பில்தான் எழுதச் சொல்லியிருக்கின்றன. கோப்பைத் திறந்து பார்த்தால் வரி அப்படியே இருக்கும், மதிப்பு 1 என்றே எழுதியிருக்கும். 'சிஸ்சிடிஎல் -பி' என்று கையால் கொடுத்தால், அந்தக் கட்டளை இன்றும் அதே கோப்பைப் படிப்பதால், வீடு முழுவதும் இணையம் வந்துவிடும். அடுத்த ரீபூட்டில் அந்தக் கோப்பைப் படிக்க யாரும் இல்லை. ஒருமுறை சரியாகி மீண்டும் போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது இதனுடன் அப்படியே பொருந்துகிறது.

தீர்வு எளியது. இடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல்.டி என்ற துணை அடைவு இருக்கும். அதில் '90-கேட்வே.கான்ஃப்' என்பதுபோல ஒரு புதிய கோப்பை உருவாக்கி, பழைய கோப்பில் நீங்கள் சேர்த்திருந்த வரிகளை அங்கே மாற்றுங்கள். பெயரின் இறுதியில் '.கான்ஃப்' இல்லையென்றால் அது படிக்கப்படாது. சரிபார்க்கும்போது 'சிஸ்சிடிஎல் -பி' வேண்டாம். மதிப்பைக் கையால் 0 ஆக்கிவிட்டு, சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, மதிப்பு 1-க்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பூட் ஆகும்போது எது நடக்குமோ அதைத்தான் இது சோதிக்கிறது. ஐபிவி6 பயன்படுத்துபவர்கள் 'நெட்.ஐபிவி6.கான்ஃப்.ஆல்.ஃபார்வர்டிங்' வரியையும் மறக்கக் கூடாது. அது 1 ஆக இருக்கும்போது கெர்னல், வெளி இன்டர்ஃபேஸில் வரும் ரூட்டர் அறிவிப்புகளை இயல்பாகப் புறக்கணிக்கும். கெர்னலின் வழியாகவே வெளி ரூட்டைப் பெறுபவர்கள் அந்த இன்டர்ஃபேஸுக்கு 'அக்செப்ட்_ஆர்ஏ' மதிப்பை 2 என்று வைத்திருப்பார்கள். அந்த வரியும் பழைய கோப்பிலேயே தங்கியிருக்க வாய்ப்புண்டு.

மதிப்பு ஏற்கெனவே 1 என்று இருந்தால், அடுத்த சந்தேகம் விதிக் கோப்பு ஏற்றப்படவே இல்லை என்பது. இதற்கும் அறிகுறி அதேதான். வீட்டுக் கருவிகளின் முகவரியைக் கேட்வேயின் பொது முகவரியாக மாற்றும் மாஸ்கரேட் விதி இல்லாததால் வீட்டுப் பாக்கெட்டுகள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரியோடே வெளியேறும். அவற்றுக்குப் பதில் வராது. கேட்வே மட்டும் தன் பொது முகவரியோடு நன்றாக இயங்கும். ஆனால் இது முன்னதைவிட ஆபத்தான நிலை. ஏனென்றால் மாஸ்கரேட் விதியோடு சேர்ந்து, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விதிகளும் இல்லாமல் போயிருக்கின்றன. ஆகவே 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' கொடுத்துப் பாருங்கள். வெறுமையாக வந்தாலோ, விதிகளே இல்லாத மூன்று செயின்கள் மட்டும் வந்தாலோ, மற்ற ஆராய்ச்சிகளுக்கு முன் மோடத்திலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

விதிகள் ஏறாமல் போவதற்கான காரணங்களில் சிலவற்றைச் சொல்கிறேன். மேம்படுத்தலின்போது ஒரு கட்டமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, பொதியோடு வந்ததை நிறுவவா என்று கேட்கப்பட்டு, நீங்கள் புதியதை நிறுவச் சொல்லியிருந்தால், உங்கள் பழைய கோப்பு அதே இடத்தில் '.டிபிகேஜி-ஓல்டு' என்ற பின்னொட்டோடு இருக்கும். இடிசி அடைவில் அந்தப் பின்னொட்டைத் தேடினால் சில நொடிகளில் தெரிந்துவிடும். என்எஃப்டேபிள்ஸோடு வரும் இயல்புக் கோப்பில் இன்புட், ஃபார்வர்ட், அவுட்புட் என்ற மூன்று செயின்கள் வெறுமையாக இருக்கும். கொள்கை குறிப்பிடப்படாததால் அனைத்தும் அனுமதி. மற்றொரு காரணம், என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸ் இயக்கப்படாமலே இருப்பது. பொதியை நிறுவியதாலேயே டெபியனில் அது பூட்டில் ஓடிவிடாது, தனியாக எனேபிள் செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் பிபிபிஓஇ வைத்திருப்பவர்களை இது குறிப்பாகப் பிடிக்கிறது. என்எஃப்டேபிள்ஸில் ஒரு இன்டர்ஃபேஸைக் குறிப்பிட இரண்டு சொற்கள் உண்டு. 'ஐஐஎஃப்' என்பது விதி ஏறும் நேரத்தில் அந்தப் பெயருக்கு உரிய உள் எண்ணைத் தேடி, அந்த எண்ணையே விதியில் வைத்துக்கொள்ளும். 'ஐஐஎஃப்நேம்' என்பது பாக்கெட் வரும்போது பெயரை ஒப்பிடும். பூட் வரிசையில் என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸ் நெட்வொர்க் எழுவதற்கு முன்பே ஓடுகிறது. அந்த நேரத்தில் பிபிபி0 என்ற இன்டர்ஃபேஸ் பிறந்திருக்காது. 'ஐஐஎஃப் பிபிபி0' என்று ஒரு வரி இருந்தாலும், இன்டர்ஃபேஸ் இல்லை என்ற பிழை வரும். என்எஃப்டி ஒரு கோப்பை முழுதாக ஏற்றும், அல்லது ஒன்றையும் ஏற்றாது. ஆகவே அந்த ஒரு வரிக்காக மொத்தக் கோப்பும் நிராகரிக்கப்படும். பின்னர் நீங்கள் உள்ளே போய் அதே கோப்பைக் கையால் ஏற்றினால், அதற்குள் பிபிபி0 வந்துவிட்டிருப்பதால், எந்தப் பிழையும் இல்லாமல் ஏறும். முன்பு பிபிபி இணைப்பு எழுந்தபின் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றின் மூலம் விதிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், மேம்படுத்தும் சாக்கில் சர்வீஸுக்கு மாறும்போது இதில் சிக்குகிறார்கள். 'ஜர்னல்சிடிஎல் -பி -யு என்எஃப்டேபிள்ஸ்' என்ற கட்டளை இந்தப் பூட்டில் அந்த சர்வீஸ் என்ன சொன்னது என்பதைக் காட்டும். பிழையான வரி அதில் அடிக்கோடிட்டே இருக்கும். தோன்றி மறையும் எந்த இன்டர்ஃபேஸுக்கும் 'ஐஐஎஃப்நேம்', 'ஓஐஎஃப்நேம்' ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். பிபிபி இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் உள் எண் மாறிவிடும் என்பதால், ஏறிய விதியும் 'ஐஐஎஃப்' இருந்தால் அதன்பின் பொருந்தாது.

இன்டர்ஃபேஸ் பெயர் மாறுவது பற்றியும் டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. சில வன்பொருள்களில் கெர்னலோ, கருவிகளுக்குப் பெயரிடும் யூடெவோ போர்ட்டுக்குத் தரும் பெயர் முந்தைய பதிப்பில் இருந்ததுபோல இருக்காது. இதில் வருத்தமானது என்னவென்றால், இல்லாத பெயரைச் சொல்லும் விதியை ஐபிடேபிள்ஸும், 'ஐஐஎஃப்நேம்' வடிவில் என்எஃப்டேபிள்ஸும் எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்; அந்த விதி எந்தப் பாக்கெட்டோடும் பொருந்தாமல் சும்மா இருக்கும். உங்கள் விஷயத்தில் இதற்கான வாய்ப்பு குறைவு. வீட்டுக் கருவிகள் டிஎச்சிபி மூலம் முகவரி பெறுகின்றன என்றால், முகவரியை ஒதுக்கும் நெட்வொர்க் கோப்பும் அதே பெயரைத்தான் நம்பியிருக்கிறது. 'ஐபி லிங்க்' காட்டும் பெயர்களை விதிகளில் உள்ள பெயர்களோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு நகரலாம். இனி இது நிகழவே கூடாது என்று நினைத்தால், இடிசி அடைவில் சிஸ்டம்டி/நெட்வொர்க் என்ற இடத்தில் '.லிங்க்' கோப்பு ஒன்றில் போர்ட்டின் மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் பெயரையும் எழுதிவைக்கலாம். லான்0, வான்0 போன்ற பெயர்கள் நல்லவை. ஈத்0 என்று வைக்காதீர்கள். கெர்னலே வழங்கும் பெயரோடு அது மோதும்.

பல ஆண்டுகளாக ஒரே கணினியைப் பதிப்பு பதிப்பாக ஏற்றி வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐபிடேபிள்ஸ் 2001-இல் லினக்ஸ் 2.4 கெர்னலோடு வந்தது. என்எஃப்டேபிள்ஸ் 2014 ஜனவரியில் 3.13 கெர்னலில் சேர்ந்தது. 2019-இல் வெளியான டெபியன் 10 முதல், 'ஐபிடேபிள்ஸ்' என்று தட்டினால் பழைய கட்டளையின் வடிவில் விதி எழுதலாம், ஆனால் அது உள்ளே என்எஃப்டேபிள்ஸாகவே சேமிக்கப்படும். பழைய உள்கட்டமைப்பை அப்படியே பயன்படுத்தும் 'ஐபிடேபிள்ஸ்-லெகசி' தனியாக இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கெர்னலில் விதிகளை வைத்திருக்க முடியும். ஒரு பாக்கெட் இரண்டையும் கடந்தாக வேண்டும். ஒன்று அனுமதித்ததை மற்றொன்று தடுத்தால் அது தடுக்கப்பட்டதுதான். ஒரு பழைய ஸ்கிரிப்ட் லெகசி கட்டளையைப் பெயர் சொல்லி அழைத்து ஃபார்வர்ட் கொள்கையை டிராப் என்று வைத்திருந்தால், 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' எவ்வளவு அழகான விதிகளைக் காட்டினாலும் வீட்டுக்கு இணையம் வராது. லெகசி டேபிள்கள் இருப்பதாக ஐபிடேபிள்ஸ் ஒரு எச்சரிக்கை வரியை அச்சிடும். அந்த வரியைப் படிக்காமல் கடந்துவிடுகிறோம். 'ஐபிடேபிள்ஸ்-லெகசி-சேவ்' என்ற கட்டளை அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

என்எஃப்டேபிள்ஸுக்குள்ளேயும் இதே இயல்பு உண்டு. ஒரே ஹூக்கில், அதாவது பாக்கெட் கடக்கும் பாதையின் ஒரே நிலையில், இரண்டு அடிப்படைச் செயின்கள் இருந்தால், ஒன்றில் கிடைக்கும் அக்செப்ட் அந்தச் செயினோடு முடிகிறது. பாக்கெட் அடுத்த முன்னுரிமையில் உள்ள செயினுக்கும் போகும். டிராப் மட்டுமே இறுதியானது. கேட்வேயிலேயே டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஐபி ஃபார்வர்டிங் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டு டாக்கர் தானே அதை இயக்கினால், ஃபார்வர்ட் செயினின் கொள்கையையும் டிராப் என்று மாற்றிவிடும். முன்பு சிஸ்சிடிஎல் கோப்பு அந்த மதிப்பை டாக்கருக்கு முன்பே 1 ஆக்கிக்கொண்டிருந்தது. இப்போது அது படிக்கப்படாததால் டாக்கர் முந்திக்கொள்கிறது. மதிப்பைப் பார்த்தால் 1 என்று இருக்கும், வீட்டுப் பாக்கெட்டுகளோ நிற்கும். இரண்டு சிக்கல்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருப்பதால் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. மேலே சொன்ன சிஸ்சிடிஎல்.டி கோப்பை எழுதி ரீபூட் செய்தால் இரண்டும் சேர்ந்தே தீரும். டாக்கர் இருக்கும் கணினியில் என்எஃப்டேபிள்ஸ் கோப்பின் முதல் வரியாக 'ஃப்ளஷ் ரூல்செட்' இருந்தால், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் டாக்கரின் விதிகளும் அழியும். டாக்கரையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் டேபிளை மட்டும் பெயர் சொல்லி அழித்து மீண்டும் எழுதுவது நல்லது.

இதுவரை சொன்னவை ஊகத்தின் அடிப்படையில் சரிபார்க்க வேண்டியவை. அவற்றில் எதுவும் அகப்படவில்லை என்றால் ஊகத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பாக்கெட்டைப் பின்தொடருங்கள். வீட்டுக் கருவி ஒன்றின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 1.1.1.1-க்குப் பிங் செய்துகொண்டே, கேட்வேயில் இரண்டு டெர்மினல்களில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை ஓட்டுங்கள்: ஒன்று உள் இன்டர்ஃபேஸில், மற்றொன்று பிபிபி0-இல். டிசிபிடம்ப் உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்பும், வெளியேறும் பாக்கெட்டை ஃபயர்வாலுக்குப் பின்பும் பார்க்கிறது என்பதால் இந்த ஒப்பீடு மிகத் தெளிவானது. உள்ளே வந்த பாக்கெட் பிபிபி0-இல் தோன்றவே இல்லை என்றால், கெர்னல் கடத்தவில்லை அல்லது ஃபார்வர்ட் விதி தடுக்கிறது. பிபிபி0-இல் 192.168.1.20 என்ற முகவரியோடே வெளியேறுவது தெரிந்தால், மாஸ்கரேட் இல்லை. பொது முகவரியோடு வெளியேறி, பதிலும் பிபிபி0-க்கு வந்து, ஆனால் உள் இன்டர்ஃபேஸில் அந்தப் பதில் தெரியவில்லை என்றால், ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளின் பதில்களை அனுமதிக்கும் எஸ்டாப்ளிஷ்ட், ரிலேடட் விதி ஃபார்வர்ட் செயினில் இல்லை அல்லது ஒரு டிராப் விதிக்குப் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. வெளியேறியும் பதிலே வராவிட்டால், சிக்கல் உங்கள் கணினியில் இல்லை.

எந்த விதி தடுக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்கவும் வழி உண்டு. இதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பதில் எனக்கு வருத்தம். தற்காலிகமாக ஒரு தனி டேபிளை உருவாக்கி, அதில் பாதை முடிவாவதற்கு முந்தைய ப்ரீரூட்டிங் ஹூக்கில் -350 முன்னுரிமையோடு ஒரு செயின் வைத்து, 192.168.1.20-இலிருந்து 1.1.1.1-க்குப் போகும் பாக்கெட்டுகளுக்கு 'மெட்டா என்எஃப்டிரேஸ் செட் 1' என்ற ஒரே விதியை எழுதுங்கள். பிறகு 'என்எஃப்டி மானிட்டர் டிரேஸ்' ஓட்டினால், அந்தப் பாக்கெட் நுழைந்த ஒவ்வொரு டேபிள், செயின், பொருந்திய விதி, கிடைத்த தீர்ப்பு ஆகியவை வரிவரியாக வந்துவிழும். படிக்கும் முறை இது. ப்ரீரூட்டிங் வரிகள் வந்து, ஃபார்வர்ட் செயினின் வரி ஒன்றுகூட வராவிட்டால், பாக்கெட் ரூட்டிங் முடிவிலேயே கைவிடப்பட்டது; ஐபி ஃபார்வர்ட் 0 ஆக இருப்பது இப்படித்தான் தெரியும். ஃபார்வர்டில் 'பாலிசி டிராப்' என்று முடிந்தால் உங்கள் அனுமதி விதி பொருந்தவில்லை. பெரும்பாலும் இன்டர்ஃபேஸ் பெயரைப் பாருங்கள். எல்லாவற்றிலும் அக்செப்ட் கிடைத்தும் பாக்கெட் வெளியேறவில்லை என்றால், இந்த டிரேஸ் காட்டாத லெகசி டேபிள்களைச் சந்தேகியுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் தற்காலிக டேபிளை நீக்கிவிட வேண்டும்.

இந்தச் சோதனைகளின்போது பலரையும் ஏமாற்றும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாட் விதிகள், அதாவது மாஸ்கரேட் போன்ற முகவரி மாற்றும் விதிகள், ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே பார்க்கப்படுகின்றன. அப்போது எடுத்த முடிவு இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் அட்டவணையில் பதிந்து, அந்த இணைப்பு முடியும்வரை நீடிக்கிறது. பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டே மாஸ்கரேட் விதியைச் சேர்த்தால், அந்தப் பிங் பழைய முடிவின்படியே தனி முகவரியோடு போய்க்கொண்டிருக்கும். விதி சரியாக இருந்தும் தவறென்று முடிவுகட்டி அதை நீக்கிவிடுவீர்கள். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் பதிவு 30 நொடிகளில் காலாவதியாகும், ஆனால் நிறுவப்பட்ட டிசிபி இணைப்பின் பதிவு இயல்பாக ஐந்து நாட்கள்வரை இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பிங்கை நிறுத்தி, 'கான்ட்ராக் -டி -எஸ் 192.168.1.20' என்று அந்தக் கருவியின் பதிவுகளை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

போர்ட் ஃபார்வர்டுக்கு வருவோம். மேலே உள்ளவை சரியானபின் அது தானாகவே மீண்டுவிட வாய்ப்பு அதிகம், ஏனெனில் அதுவும் ஃபார்வர்ட் வழியையே பயன்படுத்துகிறது. மீளாவிட்டால், சேருமிடத்தை மாற்றும் டிஎன்ஏடி விதி ப்ரீரூட்டிங்கில் முகவரியையும் போர்ட்டையும் மாற்றியபின்தான் பாக்கெட் ஃபார்வர்ட் செயினுக்கு வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். வெளியே போர்ட் எண் 8443, உள்ளே 192.168.1.10-இன் 443 என்றால், ஃபார்வர்டில் அனுமதிக்க வேண்டியது 443-ஐ. என்எஃப்டேபிள்ஸில் 'சிடி ஸ்டேட்டஸ் டிஎன்ஏடி அக்செப்ட்' என்ற ஒரு வரி இந்தக் கணக்கையெல்லாம் தேவையில்லாமல் ஆக்கிவிடும். சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யாதீர்கள். உள்ளிருந்து பொது முகவரிக்குப் போய் மீண்டும் உள்ளே திரும்பும் பாக்கெட்டுக்குத் தனி விதி வேண்டும், அது இல்லாமல் போர்ட் ஃபார்வர்ட் சரியாக இருந்தாலும் வீட்டுக்குள் வேலை செய்யாது. கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து பாருங்கள். பிபிபி0-இன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தொடங்கினால் அது உங்களுக்கே உரிய பொது முகவரியன்று, பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் நாட் அமைப்பின் உட்பக்கம்; அங்கே எந்த ஐபிவி4 போர்ட் ஃபார்வர்டும் பலிக்காது. ரீபூட்டோடு பிபிபிஓஇ புதிதாக இணைந்திருப்பதால், முன்பு பொது முகவரி கிடைத்தவருக்கும் இப்போது இது கிடைத்திருக்கலாம்.

இணையம் வந்தபின் சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுழன்றுகொண்டே இருந்தால், பிபிபிஓஇயின் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492 பைட் என்பதை நினைத்து, எம்எஸ்எஸ் (டிசிபி பாக்கெட் ஒன்று சுமக்கும் தரவு) அளவைக் குறைக்கும் விதி ஃபார்வர்ட் செயினில் இருக்கிறதா என்று பாருங்கள். பிங் போகும், சிறிய பக்கங்கள் வரும், பெரிய பதில்கள் மட்டும் வராது என்பது இதன் அடையாளம். டெபியன் 11-இலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர்களுக்கு எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), எஸ்ஐபி (இணையத் தொலைபேசி) போன்றவை நின்றுபோனால், இவற்றின் கூடுதல் இணைப்புகளை அடையாளம் காணும் கான்ட்ராக் ஹெல்பர்களைத் தானாக ஒதுக்கும் அமைப்பு 6.0 கெர்னலில் முற்றிலும் நீக்கப்பட்டதே காரணம். எந்த இணைப்புக்கு எந்த ஹெல்பர் என்று விதியிலேயே எழுத வேண்டும்.

ஐபிவி6-ஐப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஐபிடேபிள்ஸ் முறையில் ஐபிவி4 விதிகளும் ஐபிவி6 விதிகளும் வெவ்வேறு கோப்புகள். நாட் இல்லாத ஐபிவி6-இல் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி உண்டு. ஃபார்வர்ட் செயினின் விதிகள் மட்டுமே அவற்றுக்குக் காப்பு. ஐபிவி4 கோப்பு மட்டும் ஏறி, ஐபிவி6 கோப்பு ஏறாமல் போனால், எல்லாம் நன்றாக வேலை செய்வதுபோலவே தோன்றும், வீட்டுக் கேமராவின் லாகின் பக்கம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். மொபைல் டேட்டாவிலிருந்து ஒரு கருவியின் ஐபிவி6 முகவரிக்கு இணைய முயன்று, தடுக்கப்படுகிறது என்று கண்ணால் பாருங்கள். தடுக்கும் ஆர்வத்தில் ஐசிஎம்பிவி6 முழுவதையும் அடைத்துவிட வேண்டாம். பக்கத்துக் கருவியைக் கண்டறிவதும், பாக்கெட் பெரிது என்று தெரிவிப்பதும் அதன் வழியாகவே நடப்பதால், சற்று நேரத்தில் ஐபிவி6 முழுவதும் நின்றுவிடும்.

பழைய ஐபிடேபிள்ஸ் விதிகளை இப்போதே என்எஃப்டேபிள்ஸுக்கு மாற்ற வேண்டுமா என்றால், பழுது தீரும்வரை வேண்டாம். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. இணையம் நிலைபெற்று, ஒருமுறை ரீபூட்டையும் தாண்டியபின், 'ஐபிடேபிள்ஸ்-ரெஸ்டோர்-டிரான்ஸ்லேட்' கட்டளையிடம் சேமித்த விதிக் கோப்பைக் கொடுத்தால், அது என்எஃப்டேபிள்ஸ் வடிவில் எழுதித் தரும். அதை அப்படியே வைத்துக்கொள்ளாமல், ஐபிவி4-க்கும் ஐபிவி6-க்கும் பொதுவான ஐநெட் டேபிள் ஒன்றாக நீங்களே திருத்தி எழுதுவது நல்லது. ஒவ்வொரு முக்கிய விதியிலும் 'கவுன்ட்டர்' என்ற சொல்லைச் சேருங்கள். ஐபிடேபிள்ஸில் தானாகக் கிடைத்த எண்ணிக்கை இங்கே கேட்டால்தான் கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன், இப்போது ஓடும் விதிகளை 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' மூலம் ஒரு கோப்பில் சேமியுங்கள். அந்தக் கோப்பின் முதல் வரியாக 'ஃப்ளஷ் ரூல்செட்' என்று நீங்களே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப ஏற்றும்போது விதிகள் இரட்டிப்பாகும். 'என்எஃப்டி -சி -எஃப்' புதிய கோப்பை ஏற்றாமல் சரிபார்க்கும். எஸ்எஸ்எச் வழியாகவே செய்ய வேண்டிய நிலை என்றால், 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையின் 'ஆன்-ஆக்டிவ்' விருப்பத்தைப் பயன்படுத்தி, ஐந்து நிமிடத்தில் பழைய கோப்பு தானாக ஏறும்படி ஒரு டைமரை வைத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். உள்ளே நுழைய முடிகிறது, வீட்டுக்கு இணையம் வருகிறது என்று உறுதியானதும் அந்த டைமரை நிறுத்திவிடலாம். அதன்பின் ஒரு ரீபூட் செய்து, ஐபி ஃபார்வர்ட் மதிப்பு, என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸின் நிலை, மொபைல் டேட்டாவிலிருந்து போர்ட் ஃபார்வர்ட் ஆகிய மூன்றையும் மறுபடி பாருங்கள். மதிப்பு 1 ஆக இருந்தும் வீட்டுக்கு இணையம் இல்லையென்றால், மேலே சொன்ன டிரேஸின் வெளியீட்டையும் 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' காட்டுவதையும் பொது முகவரியை மறைத்துவிட்டு அனுப்புங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.